நன்றி சொல்ல எழுந்தவன்

சாம்வெல் சீட் பெல்ட் போட்டுக்கொண்டான். அதுதான் முதலில் உறுத்தியது.

இருபத்தாறு வயதுக்குள் அவன் அந்தப் பட்டையை ஒருமுறைகூட தொட்டதில்லை. ஆர்மீனியாவில், யெரெவான் பையன்களுக்கு அது மானப் பிரச்சினை. பெல்ட் போட்டால் ஓட்டுபவரை நம்பவில்லை என்று அர்த்தம். ஓட்டுபவள் சொந்த அக்கா என்றால் நம்பாமலிருக்க நியாயம் அதிகம், ஆனாலும் அவன் போட்டதில்லை. ஜார்ஜியாவுக்குள் வந்தாயிற்று, அபராதத்துக்குப் பயந்துவிட்டான் என்று ஷூஷான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

எல்லையில் ஓட்டுபவர் மட்டும்தான் காரோடு போக முடியும். கூட வந்தவர்கள் இறங்கி, பக்கத்திலிருக்கும் கூடத்துக்குள் நடந்து, முத்திரை வாங்கிக்கொண்டு மறுபுறம் வந்து ஏறிக்கொள்ள வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் யோசிப்பதில்லை. ஷூஷானும் யோசிக்காமல்தான், "கோட்டை வண்டியிலயே கழட்டிப் போடு, உள்ள கூட்டத்துல வெந்துடுவ" என்று சொல்லி அவனை அனுப்பினாள். இதய மாத்திரை டப்பா அந்தக் கோட்டுப் பையில் இருந்தது. அது நினைவுக்கு வந்தபோது அவள் கார் இரண்டு லாரிகளுக்கு நடுவே முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் நின்றிருந்தது.

மறுபுறம் மழையில் அரைமணி நேரம் காத்திருந்தாள். கூடத்து வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. "உள்ள யாரோ விழுந்துட்டாங்களாம்" என்றார் பக்கத்து லாரிக்காரர், மழை வலுக்குமாம் என்று சொல்கிற குரலில். ஷூஷான் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தபோது, மறுபக்கக் கதவு திறந்தது. சாம்வெல் ஏறி உட்கார்ந்தான்.

"போலாம்க்கா."

அப்பாடா என்றிருந்தது. இரண்டாவது அறுவைசிகிச்சைக்குப் பிறகு அவன் வீட்டைவிட்டு வரும் முதல் பயணம் இது. "ஞாயித்துக்கிழமை எம்புள்ளைய முழுசா கொண்டாந்து சேத்துடு" என்று அம்மா வாசலில் நின்று சொல்லியிருந்தாள். அந்த நிம்மதியில் அரைமணி நேரம் ஓட்டிய பிறகுதான் ஷூஷான் அவன் சட்டையைப் பார்த்தாள். கோட்டு இல்லாமல் அந்த மழையில் நடந்து வந்தவன். சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது.

திபிலிசியில் மல்காஸ் தெருமுனையிலேயே கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தார். போன வருடம் சாம்வெலுக்கு இந்தக் காரை விற்றவர் அவர்தான். விற்ற நாளிலிருந்து குற்ற உணர்ச்சியோ பாசமோ, வாரம் ஒருமுறை போன் செய்து விருந்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் ரஷ்ய மொழியில். இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லாத மொழி என்பதால் கிண்டல் செய்ய வசதி.

"வண்டி இன்னும் ஓடுதா? அதிசயம்தான்!" என்று ஷூஷானின் தோளில் தட்டினார். "தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். ஒயினை நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு அங்க சொல்லிக்கிட்டுத் திரியிறீங்களாமே?"

"நாங்க கண்டுபிடிச்சோம், அண்ணே. நீங்க குடிச்சுத் தீத்தீங்க."

அவர் குலுங்கிச் சிரித்தார். இப்படி ஒரு பந்து வந்தால் முதலில் பாய்வது சாம்வெலாகத்தான் இருக்கும். அவன் மேலே, பால்கனிகளில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை விட்டிருந்தது. மல்காஸ் அவர்களை நடத்தியே நகரத்தைச் சுற்றிக் காட்டினார். கந்தக ஊற்றுக் குளியல் இல்லங்களின் செங்கல் குவிமாடங்களிலிருந்து அழுகிய முட்டை வாடையோடு ஆவி கசிந்து, ஈரக்கல்லில் தவழ்ந்து, ஷூஷானின் மயிருக்குள்ளும் நாக்கிலும் ஏறிக்கொண்டது. பாலத்தடியில் பழைய சாமான் விற்பவர்கள் பிளாஸ்டிக் விரிப்புகளை விலக்கி, யாரோ வென்ற பதக்கங்களையும் யாரோ தின்ற கரண்டிகளையும் மறுபடி பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் குவியலாகக் குடும்பப் புகைப்படங்கள். சாம்வெல் அங்கே நின்று, மீசை வைத்த ஒருவரின் படத்தை எடுத்தான்.

"இவரைப் பாத்தேன்."

"எங்கடா?"

"வரிசையில."

படத்தின் ஓரம் பழுப்பேறியிருந்தது. அந்த மனிதர் போட்டிருந்த உடுப்பு நூறு வருடத்துக்கு முந்தையது. விற்பவர் சிரித்தார். ஷூஷானும் சிரித்துவைத்தாள். டப்பாவைத் திறந்து மாத்திரையை நீட்டினாள்.

"வேணாம்க்கா. இப்ப வலியே இல்ல" என்றான் சாம்வெல்.

மல்காஸின் வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் அந்தக் காலத்தது. தரையில் ஆள் பாரம் விழுந்தால்தான் உள்ளே விளக்கு எரியும். சாம்வெல் முதலில் நுழைந்தான். விளக்கு எரியவில்லை. இருட்டுக்குள் அவன் திரும்பி நின்றது மட்டும் தெரிந்தது. மல்காஸ் காலை வைத்தார், பளிச்சென்று எரிந்தது. "கிழட்டுக் கழுதை" என்று லிஃப்டை ஓர் உதை உதைத்தார். ஷூஷான் ஏழு மாடிக்கும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மல்காஸின் மனைவி லமாரா மேசையில் இடம் தெரியாமல் தட்டுகளை அடுக்கியிருந்தாள். பாலாடைக்கட்டி அப்பம், வால்நட் விழுது தடவிய கத்தரிக்காய், ஜாடியில் தேன்நிற ஒயின். மல்காஸ் மேசைத் தலைவர். அவர் யாருக்காகக் கோப்பையை உயர்த்துகிறாரோ, அந்த ஆள் மற்றவர்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, எழுந்து நன்றி சொல்லிவிட்டுக் கடைசியாகக் குடிக்க வேண்டும். ஆர்மீனியாவிலும் இது தெரியாத பிள்ளை கிடையாது. அமைதிக்குக் குடித்தார்கள். விருந்தாளிகளுக்குக் குடித்தார்கள். சாம்வெல் எழுந்திருக்கவில்லை. ஷூஷான் அவன் விலாவில் முழங்கையால் இடித்தாள். குளிர்ந்த சுவரில் இடித்ததுபோல் இருந்தது. இருவருக்குமாக அவளே எழுந்து நன்றி சொன்னாள்.

பிறகு மல்காஸ் ரொட்டித்துண்டில் இரண்டு சொட்டு ஒயின் விட்டார். இறந்தவர்களுக்கு. இதற்கு மட்டும் கோப்பைகளை மோதுவதில்லை. யாரும் பதில் சொல்வதுமில்லை, சொல்ல யார் இருக்கிறார்கள்.

"எங்கம்மா சியாலா" என்று மட்டும் சொன்னார். குடித்தார்கள்.

சாம்வெல் எழுந்தான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஜார்ஜிய மொழியில் பேசினான். அவனுக்கு அந்த மொழியில் தெரிந்தது மூன்று சொல், மூன்றும் தின்பண்டம். இப்போது நிறுத்தாமல், நயமாக, தலையைச் சற்றுச் சாய்த்துப் பேசினான். மல்காஸின் கையிலிருந்த ரொட்டி மேசையில் விழுந்தது. சாம்வெல் குடித்துவிட்டு உட்கார்ந்தான்.

"என்ன சொன்னான்?" என்றாள் ஷூஷான். "அண்ணே, என்ன சொன்னான்?"

"நன்றி சொன்னாங்க." மல்காஸ் விழுந்த ரொட்டியைத் தடவி எடுத்தார். "முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சுவிட்டதுக்கு. அது... அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும்."

லமாரா கணவரைப் பார்க்கவில்லை. சாம்வெலின் கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள். "மாயா" என்றாள். "எம்பொண்ணு மாயா."

குடித்தார்கள். அவன் எழுந்தான். இம்முறை குரல் மெலிதாக, இரண்டு சொல்தான். லமாரா அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டாள். ரொம்ப நேரம். பிறகு போய் வாசல் கதவைத் தாழிட்டாள்.

"இவன் இங்கயே இருக்கட்டும்."

"நாங்க ஞாயித்துக்கிழமை போகணும்க்கா. எங்கம்மா..."

"நீ போம்மா."

மல்காஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேசைத் தலைவர் வேலையை விடக் கூடாது. "தங்கச்சி, உங்க வீட்டுல யாரு? பேரைச் சொல்லு."

அப்பா பெயர் வாய்வரை வந்தது. விழுங்கினாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு பெயர். அதற்கு இவன் எழாவிட்டால் தம்பி உயிரோடு இருக்கிறான். அந்தக் கூடத்தில், ஆம்புலன்ஸில், ஏதாவது ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில். கதவை உடைத்துக்கொண்டாவது ஓடலாம். சாவி பையில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாம்வெல்" என்றாள்.

யாரும் கோப்பையை மோதவில்லை. குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

அவன் எழவில்லை.

ஒரு மூச்சு. உள்ளங்கைகள் மேசைமேல் மல்லாந்து கிடந்தன. இரண்டு. மேசைக்கடியில் அவள் கை சாவியைத் தேடியது. மூன்று. அசையவில்லை. அசையவே இல்லை. சாவி கிடைத்துவிட்டது.

நாற்காலி கிரீச்சென்றது.

எழுந்து நின்றான். அவள் பக்கம் திரும்பினான். காலையிலிருந்து முதல்முறையாக மூச்சு வாங்கியது அவனுக்கு. மாடி ஏறினால் வாங்குமே, அதே இளைப்பு, அதே குரல்.

"நன்றிக்கா" என்றான். "உள்ளேருந்து ரொம்ப நேரம் உன்னக் கூப்பிட்டேன்."

அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தான். லமாரா எட்டி அந்தக் கோப்பையை மறுபடி நிரப்பினாள். இன்னொரு பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள்.