அண்ணன் கார் மேல் விழுந்த நிழல்

வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. ஆனாலும் முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணன் காரின் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது.

முதலில் கவனித்தது அவள்தான். பன்னிரண்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவளின் கண், முன்னே போகிற வண்டியை விட்டு அத்தனை சுலபத்தில் விலகாது. அதுவும் இன்று அந்த வண்டிக்குள் அவள் மகள் இருந்தாள். எட்டு வயது, வீட்டில் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். மதியம் சாப்பிட நிறுத்திய இடத்தில், "நான் மாமா வண்டியிலதான் வருவேன், உங்க வண்டியில யாருமே பேச மாட்டேங்கறீங்க" என்று அடம்பிடித்து, மாமாவுக்கும் அத்தைக்கும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டுவிட்டாள்.

மூன்றரை மணி வெயில். இருபுறமும் அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடந்த வயல்கள், பேருக்கு ஒரு மரம் கிடையாது, நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிற சாலை. கண்ணைக் கூசவைக்கும் அந்த வெளிச்சத்தில் அண்ணனின் வெள்ளைக் கார் மட்டும் ஈரத்துணி போர்த்தியது போல மங்கிப்போய், ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர், அந்த மங்கலைச் சுமந்துகொண்டே ஓடியது. நிழலுக்கு இரண்டு இறக்கைகள் இருந்தன.

"என்னங்க, மேல பாருங்க. ஏதோ பிளேன் போகுது."

பக்கத்து இருக்கையில் கண்ணயர்ந்திருந்த அவள் கணவன் விமான மெக்கானிக். மாடியில் துணி காயப்போடும்போது எங்கோ ஓர் உறுமல் கேட்டால் போதும், தலையைக்கூடத் தூக்காமல் என்ன விமானம், எத்தனை இன்ஜின் என்று ஒப்பித்துவிடுவான். "நம்ம மாப்பிள்ளைக்குப் பொண்டாட்டி குரல் மட்டும்தான் காதுல விழாது" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அவன் குனிந்து முன்கண்ணாடி வழியாக மேலே பார்த்தான். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"என்ன பிளேன் அது?"

"ஜன்னல இறக்கு."

இறக்கினாள். டயர் தேய்கிற சத்தம் வந்தது, சூடான காற்று வந்தது, வேறு எதுவும் வரவில்லை. மின்கம்பங்களுக்குச் சற்றே மேலே, சாம்பல் நிறத்தில், ஒரு தெரு நீளத்துக்கு அது போய்க்கொண்டிருந்தது. பெயர் இல்லை, எண் இல்லை, உடம்பில் ஓர் ஆணித் தடம்கூட இல்லை. காற்றோடு ஒரு வாடை வந்தது. பல வருடம் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை.

"இன்ஜினே இல்லையே," என்றான் தனக்குத்தானே. பிறகு, "எவ்வளவுல போற?"

"அறுபது."

"அறுபதுல இவ்வளவு பெரிய பிளேன் பறக்காது. விழுந்துரும்."

உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். இன்ஜினுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு சீட்டியடிக்கிற ஆள். அவன் கை வியர்த்து அவள் பார்த்ததில்லை.

போனை எடுத்து அண்ணனை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டான். வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தார்கள்.

"மச்சான், மேல பாத்தீங்களா?"

"பாத்தோம் மாப்பிள்ளை. ரொம்ப நல்லா இருக்கு."

நாலு வார்த்தை பேசினால் மூன்று கேலியாக இருக்கிற அண்ணன், எழுதிவைத்ததைப் படிப்பது போலச் சொன்னான்.

"நிறுத்தாதீங்க மச்சான். என்ன ஆனாலும் சரி, ஓட்டிக்கிட்டே இருங்க."

"கூப்பிடறாங்களே. போகாம எப்படி?"

முன்னால் சிவப்பு விளக்குகள் எரிந்தன. கார் ஓரங்கட்டி நின்றது. நிழலும் நின்றது. மேலே அதுவும் நின்றது, சுவரில் மாட்டிய படம் போல.

அவள் வேகத்தைக் கூட்டினாள். இடையில் முந்நூறு அடி இருந்திருக்கும். அதற்குள் அந்தக் காரின் நான்கு கதவுகளும் ஒரே சமயத்தில் திறந்தன. உள்ளே இருந்தது மூன்று பேர்.

யாரும் இறங்கவில்லை. அவள் கண் இமைக்கவே இல்லை. யாரும் இறங்கவில்லை.

பிரேக்கை மிதித்தாள். கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இறங்காத."

"என் புள்ள அதுல இருக்கா."

பிடி தளர்ந்தது. அவனுக்கும் பிள்ளைதானே. இருவரும் ஓடினார்கள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் பெல்ட் மாட்டியபடியே இருந்தது, வெறும் சீட்டைக் கட்டிக்கொண்டு. பாதி கடித்த பிஸ்கட். கீழே மகளின் செருப்பு, ஜோடியாக.

"வாலு!"

வயலில் ஒரு கோழி ஒளியக்கூட இடமில்லை. காக்கை இல்லை. பூச்சி இல்லை. அந்த வாடை மட்டும், இப்போது நாக்கில்.

கணவன் கையில் இருந்த போன் பேசியது. அழைப்பை யாரும் துண்டித்திருக்கவில்லை.

"அம்மா."

"எங்கடி இருக்க? எங்க இருக்க?"

"மேலம்மா. இங்க ரொம்ப நல்லா இருக்கு. நிறைய சீட்டு காலியா இருக்கு. நீங்களும் வாங்க."

சிரித்தாள். கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சின்னச் சின்ன ஜன்னல்கள். வரிசையாக. ஒன்றில் அண்ணன். அடுத்ததில் அண்ணி. அதற்கடுத்ததில் மகள், இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை. முகமெல்லாம் கண்ணீர். வாய் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. பெற்றவளுக்கு அதைப் படிக்கக் காது தேவையில்லை.

வராத. வராத. வராத.

"வாம்மா," என்றது போன்.

பக்கத்தில் ஏதோ விழுந்தது. போன். சாலையில் கிடந்தது. அதைப் பிடித்திருந்த கை இல்லை. கைக்குரியவனும் இல்லை.

அவளுக்கு மேலே பார்க்கத் துணிவில்லை. பார்த்தாள். நான்காவது ஜன்னலில் அவன்.

"அப்பா வந்துட்டாரும்மா," காலடியில் மகளின் குரல் கொஞ்சியது. "நீ மட்டுந்தான் பாக்கி."

மேலே நான்கு வாய்கள் திறந்து திறந்து மூடின. எட்டு உள்ளங்கைகள் கண்ணாடியை அடித்தன. ஐந்தாவது ஜன்னல் இருட்டாக இருந்தது. தரையிலிருந்து அவளுடைய குதிகால்கள் மெல்ல எழும்பத் தொடங்கின.