தரையில் நின்ற படகு

கொல்லையில் இரண்டு மரக்கட்டைகளின் மேல் நின்ற அந்தப் பழைய படகில் விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. அதில் ஒரு கொசுப்புழு கூட இல்லை. ஒரு மாதமாக மழை இல்லை, பாசியும் இல்லை. உச்சி வெயிலில் கை வைத்தபோது விரல் விறைத்துப்போனது.

அவனுக்குப் படகு பழுது பார்க்கும் வேலை. விரிசலுக்கு ஒட்டுப் போட்டே இருபது வருடம் காலம் தள்ளியவன். பழைய ஊரில் ஒட்டுக்காரன் என்றால்தான் யாருக்கும் தெரியும். அங்கே படகுத்துறையை மூடியதும் பிழைப்பு போனது, தொழிற்சாலைப் புகை மட்டும் போகவில்லை. அது ஆறு வயது மகளின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு குளிர்காலம் இங்கே இருந்தால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவனும் மனைவியும் ஏரி உள்ள ஏழு ஊர்களைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, வாடகை விசாரித்து விசாரித்து ஆறு ஊர்களை அடித்தார்கள். மிஞ்சியது இந்த ஊர். ஏரிக்கரையில் தனி வீடு, பழைய ஒற்றை அறைக்குக் கொடுத்ததில் பாதி வாடகை, கூடவே ஒரு படகு இனாம். ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. திரும்பிப் போகவும் வீடு இல்லை. மனைவி மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு.

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா முதல் நாளே மதில் மேல் எட்டிப் பார்த்தாள். அவள் கொல்லையிலும் ஒரு படகு நின்றது, மேலே பூப்போட்ட துணி மூடியிருந்தது.

"தம்பி, வீட்டை எப்படி வேணா வச்சுக்குங்க. படகுல இருக்கிற தண்ணிய மட்டும் தொட்டுடாதீங்க."

"ஏன்க்கா, மீன் வளர்க்கிறாங்களா?"

அக்கா சிரிக்கவில்லை. துணியைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

தண்ணீர் தேங்கிய படகைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவன் கைக்குத் தெரியாது. மரம் ஊறும், இணைப்பு விட்டுப்போகும். தேற்றி வாடகைக்கு விட்டால் மகளின் மருந்துக்காவது ஆகும். மறுநாள் மதியம் அவள் தூங்கியதும், படகின் பின்பக்க அடித்துளையில் இருந்த மரத்தக்கையைப் பிடுங்கினான். அது கையோடு பொடிந்து வந்தது. தண்ணீர் வெகுநேரம் ஓடியது. கொல்லை ஏரிப் பக்கமாகத்தான் சரிந்திருந்தது. தண்ணீரோ மேடேறி வீட்டுப் பக்கம் போய், சமையலறைப் படிக்கு அடியில் வடிந்தது. காலியான படகின் அடிப்பலகை முழுக்கச் சின்னச் சின்ன நகக்கீறல்கள். பூனையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தண்ணீருக்கு அடியில் பூனைக்கு என்ன வேலை என்று யோசிக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

பொழுது சாயும் நேரம் முன்னறையில் உட்கார்ந்து புதுத் தக்கை செதுக்கிக்கொண்டிருந்தான். ஒரு காது எப்போதும் போல சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. மகளின் மூச்சு இழுக்கும் சத்தம், கீச்சென்று ஏறி, விசிலாக இறங்கி, நடுவில் சற்று நின்று, மறுபடி ஏறுவது, அவனுக்கு மனப்பாடம். இன்று அதன் கூடவே இன்னொரு மூச்சும் கேட்டது. களகளவென்று, தண்ணீரில் குமிழி விடுவது போல. சேற்று வாடை வந்தது. செதுக்கிய கத்தி நின்றது. இரண்டு மூச்சும் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின.

பிறகு இரண்டும் இல்லை.

ஓடினான். படுக்கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவள் இல்லை. தரையில் ஈரக் கால்தடங்கள், கொல்லைக் கதவு வரை. மகளின் பாதம் அவனுக்குத் தெரியும். பக்கத்தில் இன்னொரு ஜோடி. அதைவிடச் சின்னது.

படகு நிறைந்திருந்தது. விளிம்பு வரை.

அடியில் மகள் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. அவனைப் பார்த்தது. வாரித் தூக்கினான். வெளியே வந்ததும் அவள் வாயைப் பிளந்து பிளந்து மூடினாள், காற்று உள்ளே போகவில்லை. உதடு நீலமானது. உடம்பு துள்ளியது.

"உள்ள விடுங்க தம்பி!" மதிலுக்கு அப்பாலிருந்து அக்கா கத்தினாள். "நானும் தூக்கிப் பார்த்தேன். தூக்கினா செத்துடும். உள்ள விடுங்க!"

விட்டான். தண்ணீர் மூடியதும் அவள் அடங்கினாள். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது, ஆறு வருடத்தில் ஒருநாளும் இல்லாத சீராக.  

அப்போதுதான் காலில் ஈரம் பட்டது. அடித்துளை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய மூக்கு நுனிக்கு மேல் இரண்டு விரல்கடை தண்ணீர்தான் மிச்சம். பாய்ந்து வெளியிலிருந்து உள்ளங்கையால் துளையை அழுத்தினான்.

"அக்கா! முன்னறையில தக்கை இருக்கு, எடுத்துட்டு வாங்க! உங்க கால்ல விழுறேன்க்கா!"

அக்கா நகரவில்லை. பூப்போட்ட துணி விலகிக் கிடந்தது, அவள் கை முழங்கை வரை தன் படகுத் தண்ணீருக்குள் இருந்தது.

"முடியாது தம்பி. இந்த நேரத்துல கைய எடுத்தா பையன் அழுவான்."

இருட்டியது. வீட்டுக்குள் போன் அடித்தது. மனைவியாகத்தான் இருக்கும். அடித்து அடித்து ஓய்ந்தது. முன்னறை பத்து எட்டு வைக்கும் தூரம்தான், கையை எடுக்க முடியாது. குனிந்தபடியே விளிம்பு வழியாக மகளைப் பார்த்தான். அவள் இரண்டு கைகளும் நெஞ்சின் மேல் மடிந்து, நன்றாகத் தெரிந்தன.

துளைக்குள்ளிருந்து ஒரு சின்ன விரல் அவன் உள்ளங்கையை மெல்லச் சுரண்டியது.