ஒதுக்கி வைத்த படங்கள்

நாத்தனார் காபிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்திலேயே போட்டோக்காரரின் மனைவிக்குத் தெரிந்துவிட்டது, இன்று காலை நல்ல காலையாக இருக்கப் போவதில்லை என்று.

"அண்ணா, நீ முதல்ல சாப்பிட்டு முடி. அப்புறம் ஒண்ணு காட்டணும். இப்பவே காட்டினா உனக்குச் சாப்பாடு இறங்காது..."

இப்படிச் சொன்ன பிறகு எந்த மனிதனுக்குத்தான் சாப்பாடு இறங்கும்? போட்டோக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. முப்பது வருடமாக அவர் படம் எடுக்கிறார். மனைவி கூடவே போய் இரண்டாவது கேமராவைப் பிடிப்பாள். திரும்பி வந்து, எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் வாடிக்கையாளருக்குப் போக வேண்டியதைப் பொறுக்குவதும் அவள்தான். பொறுக்கிய படங்களை ஆல்பமாக்குவது நாத்தனாரின் வேலை. நேற்று எதையோ தேடப் போய், கம்ப்யூட்டரின் ஒரு மூலையில் அவள் கண்ணில் வேறு எதுவோ பட்டிருக்கிறது.

"பாருண்ணா... 'வேண்டாதவை'ன்னு பேர் வெச்சு ரெண்டு வருஷத்துப் படம் ஒளிச்சு வெச்சிருக்காங்க. நாலாயிரத்துக்கு மேல! அத்தனையும் உன் கேமராவுல எடுத்தது. ஒண்ணுகூட அண்ணி எடுத்தது இல்லை. அப்போ, உன் பேர் போட்டு ஜனங்களுக்குப் போனதெல்லாம் யார் எடுத்ததுன்னு நினைக்கிறே?"

சத்தம் கேட்டு ஸ்டூடியோவுக்கு வந்த மாமியாருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கொதித்துப் போனார்.

"கூடவே இருந்து குழி பறிச்சியாடி! அவன் கத்துக் கொடுத்த தொழிலை வெச்சு அவனையே ஓரம் கட்டப் பாத்தியா?"

போட்டோக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நிஜமா?"

"ஆமாங்க."

"ஏன்?"

அவள் பேசவில்லை.

பேசியிருந்தால் ஒரே வாக்கியத்தில் முடிந்திருக்கும். 'உங்க படமெல்லாம் மங்கலா இருக்குங்க.' அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியத்தை இரண்டு வருடமாக அவள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். லென்ஸின் வளையத்தைத் தன் விரலால் திருப்பித் தன் கண்ணால் பார்த்துத்தான் அவர் படம் எடுப்பார். கேமராவே தானாகத் தெளிவைப் பிடிக்கும் வசதியைத் தொடக்கூட மாட்டார். "எல்லாத்தையும் மெஷினே பாத்துக்கும்னா நான் எதுக்கு?" என்பார். முதன்முதலில் முகங்கள் கலங்கலாக வந்தபோது, கண்ணைக் காட்டிவிட்டு வரலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். "என் கண்ணையா சந்தேகப்படுறே?" என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை மனிதர். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அவர் எடுக்கும் அதே நொடியில் பக்கத்தில் நின்று தானும் எடுத்தாள். அவருடையது தவறினால் தன்னுடையதை வைத்தாள். அவருடையதை அழிக்க மட்டும் மனம் வரவில்லை.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா அண்ணி? சொல்லுங்களேன்!"

"விடு. பொறாமைக்கு என்ன பதில் இருக்கும்?" போட்டோக்காரர் மனைவியின் பக்கம் விரலை நீட்டினார். "இன்னியோட சரி. இனிமே நீ இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது. கேமராவைத் தொடக் கூடாது!"

அவள் கண்ணில் நீர் திரண்டது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எதைத்தான் வேண்டாம்னு தள்ளியிருக்கான்னு நானும் பாக்கறேன்."

"வேண்டாங்க..." என்று அவள் பதறி முன்னால் வந்தாள். அந்தப் பதற்றமே அவள் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

நாத்தனார் அந்தப் படங்களைக் குட்டிக் குட்டிக் கட்டங்களாகத்தான் பார்த்திருந்தாள். அந்த அளவில் எல்லாப் படமும் அழகாகத்தான் இருக்கும். போட்டோக்காரர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திரை முழுவதும் விரித்தார். அச்சகத்துப் பெரியவர் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள். அவரைச் சுற்றிக் கூட வேலை செய்தவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாரு! அந்த மனுஷன் சிரிப்பைப் பாரு. எவ்வளவு தெளிவா இருக்கு! இதுல என்ன குறையைக் கண்டா இவ?"

திரையில் பெரியவரின் முகத்தில் கண் எது, புருவம் எது என்று தெரியவில்லை. நாத்தனார் திரையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், பிறகு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி 'வேண்டாம்' என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"சொல்லேன், தெளிவாத்தானே இருக்கு?"

"ஆ... ஆமாண்ணா. தெளிவாத்தான் இருக்கு." இரண்டு வருடமாக அண்ணி சொன்ன பொய்யை நாத்தனாரால் ஒரு நிமிடம்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

மாமியார் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். போன வருடம்தான் கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்.

"டேய்... மூஞ்சியே தெரியலைடா. எல்லாம் புகையா இருக்கு. ஆபரேஷனுக்கு முந்தி எனக்கு இப்படித்தான் தெரிஞ்சுது."

போட்டோக்காரர் அடுத்த படத்தைத் திறந்தார். அடுத்தது. அதற்கு அடுத்தது. மூவரின் முகத்தையும் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ எல்லாரும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பாராட்டினாங்களே... அதெல்லாம்?"

"அவங்களைச் சிரிக்க வெச்சது நீங்கதாங்க. நான் பட்டனை அமுக்கினேன், அவ்வளவுதான்."

"போதும்!" என்று கத்தினார். உடனே குரல் உடைந்தது. "பெரிய தியாகம் பண்ணிட்டதா நினைப்பா? அப்பவே கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருந்தா ரெண்டு வருஷம் குருடனா நடந்திருக்க மாட்டேனே... என் கண்ணை என்கிட்டயே மறைச்சியே!"

"தப்புதாங்க. நீங்க உடைஞ்சிடுவீங்கன்னு பயந்தேன்..." அவள் நிறுத்தினாள். இதுவரை தனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்று வாய்க்கு வந்தது. "அது மட்டும் இல்லை. நான் எடுத்ததைப் பாத்து ஜனங்க சந்தோஷப்பட்டது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. யார் பேர்ல போனா என்னன்னு இருந்துட்டேன். அதுவும் உண்மைதான்."

மாமியார் மருமகளின் தோளில் கை வைத்தார். "பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு உன்னை என்னென்னமோ பேசிட்டேனேம்மா..." என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

போட்டோக்காரர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு, "மத்தியானம் டாக்டர்கிட்டப் போகலாம்" என்றார். "அதுக்கு முன்னாடி... அந்த அச்சகத்துப் படம், நீ எடுத்ததைப் போடு."

அவள் போட்டாள். அவர் மூக்கு திரையைத் தொடும் அளவுக்குக் குனிந்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. நீ சொல்லு. என்ன இருக்கு இதுல?"

"பெரியவர் சிரிக்கிறாரு. கடைவாய்ப் பல்லு இல்லாதது தெரியுது. எல்லாரும் கைதட்டுறாங்க. அவங்களுக்குப் பின்னாடி, ஓரத்துல, அவரு சம்சாரம். யாரும் அவங்களைக் கூப்பிடலை போல. சுவரைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாக்கறாங்க. அழறாங்க... ஆனா முகமெல்லாம் சிரிப்பு."

அவர் நிமிர்ந்தார்.

"அன்னிக்கு எனக்கு எதிர்லயேதானே நின்னிருப்பாங்க. நான் அந்தம்மாவைப் பாக்கவே இல்லையே!"

அவர் தடவிப் பார்த்து அவள் கையைத் தேடிப் பிடித்தார். இரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் அவளுக்கு வந்தது.