கிளிக்குப் போதாத பச்சை

கிளியின் சிறகு ஈரமாக இருந்தது. பங்களாவின் உள்சுவர் அது. அங்கே சாரல் எட்டாது. இருளாயி துணியால் துடைத்தாள். மறுபடியும் ஈரம். இளஞ்சூடு வேறு.

உடைந்த போத்தல், சாயக் கண்ணாடி, வளையல் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் சிமெந்தில் பதித்துத் துரைசானி செய்த சித்திரம் அது. பங்களாப் பூந்தோட்டத்துக் குரோட்டன், அந்தூரியம், ஒரு மீன்கொத்தி, இரண்டு மாங்குயில் எல்லாம் முடிந்துவிட்டன. கிளிக்குத்தான் பச்சை போதவில்லை.

"பச்சைக் கண்ணாடி கொண்டு வா இருளாயி. அரை நாள் லீவு தாறேன்."

அரை நாள் தூக்கம். இருட்டோடு எழுந்து, பங்களா வேலை பார்த்து, இருட்டோடு படுக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை!

லயத்தில் பக்கத்துக் காம்பிரா வெள்ளையம்மாவின் புருஷனுக்குக் கருமாதி நடந்தபோது, ஓடைக்கரையில் அவள் வளையல்களை உடைத்தார்கள். துண்டுகளைத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. எல்லோரும் நடந்த பிறகு இருளாயி திரும்பினாள். குனிந்து, பச்சைத் துண்டுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டாள். அவைதான் கிளியின் சிறகாயின. வெறும் கண்ணாடிதானே என்றிருந்தது அப்போது.

இன்று காலையில்கூடப் புருஷன் ஐயாவு கேலி செய்தான்.

"தொரைசானி கிளிக்குச் சோறு வச்சியா புள்ள?"

"மொதல்ல நீங்க தின்னுட்டுப் போங்க. ஒடம்பெல்லாம் வலிக்குது எனக்கு."

"பாஸ்போட் வரட்டும். இந்தியாவுல போய் ஆசை தீரத் தூங்கு."

மேல்மலையில் பட்டுப்போன ரப்பர் மரங்களை வெட்ட அவனைப் போட்டிருந்தார்கள்.

துரையும் துரைசானியும் கொழும்புக்குப் போயிருந்தார்கள். மூன்று மணிக்கே மழை இருட்டு கவிந்து, ரப்பர் பால் புளித்த வாடை சன்னல் வழியே ஏறிவர, ஓட்டுக்கூரையில் கொட்டும் தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் மெல்லக் கேட்டது. வளையல் குலுங்கும் சத்தம். இருளாயி தன் கைகளின் சிவப்பு வளையல்களைப் பார்த்தாள். அவை அசையவில்லை.

சத்தம் சுவருக்குள் இருந்தது.

மேல்மலையில் ஒரு மரம் முறிந்து விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

ஐயாவு இறங்கி வருவதற்குள் எல்லாவற்றையும் ஓடையில் விட்டுவிட வேண்டும். குசினிக் கத்தியால் சிறகை நெம்பினாள். முதல் துண்டு புண்ணின் பொருக்கு போல உரிந்து வந்தது. அடுத்தது. அடுத்தது. விரல் நுனிகளில் இரத்தம். மழை ஓயும்வரை தோண்டினாள். உள்ளங்கை நிறையப் பச்சை. இறுக மூடிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள்.

படியில் ஐயாவு நின்றான். தலை நனைந்திருந்தது. சிரித்தான்.

"வா புள்ள, போவோம்."

போன உயிர் திரும்பியது. அவனைத் தொடக் கை நீட்டினாள்.

கை வளையலில்லாமல் மொட்டையாக இருந்தது. இரண்டு கையும். பொத்திய உள்ளங்கையில் ஒன்றுமில்லை. தரையில் ஒரு சில்லுகூட இல்லை.

திரும்பிப் பார்த்தாள். கிளி முழுசாக இருந்தது. அதன் பக்கத்தில், ஈரச் சிமெந்தில், புதிதாக இன்னொரு பறவை. சிவப்பு. அவள் வளையலின் சிவப்பு.

லயத்துப் பக்கம் தப்பு முழங்கத் தொடங்கியது. சாவுத் தப்பு.

ஐயாவு தலை சாய்த்துக் கேட்டான்.

"யாரோ போயிட்டாங்க போல," என்றான். "எதுக்கு புள்ள கைய மறைக்கிற?"