ஐந்து மூலை ஓடு

தூத்துக்குடிப் பள்ளியில் காலை மணி அடித்ததும் பாடப்பொறி பேசத் தொடங்கும். சுவரில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே ஒரு கவனக்கோடு ஓடும். பச்சையாக இருந்தால் பிள்ளை கேட்கிறது, சிவந்தால் கேட்கவில்லை. சிவப்பு நீடித்தால், மெதுவாகக் கற்பவர்களுக்கான நிதான வகுப்புக்குப் பிள்ளையை மாற்றப் பொறி சிபாரிசு செய்யும். ஆசிரியை ஜெசிந்தா கைரேகை வைத்தால் போதும்.

இந்த முறை சிபாரிசு ஷமீமாவுக்கு. ஏழாம் வகுப்புப் பெண். பாடம் நடக்கும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஜெசிந்தாவுக்கு ரேகை வைக்க மனம் வரவில்லை. தடுக்க ஒரே வழி, ஆசிரியர் பயிற்சி மையத்தின் உள்ளிருக்கை. அதில் அமர்ந்து எழுந்தவருக்கு மட்டுமே பொறியில்லாமல் ஒரு வகுப்பு எடுக்க உரிமை உண்டு. அந்த வகுப்பில் பிள்ளையின் கோடு பச்சையானால் சிபாரிசு ரத்தாகும்.

"அந்தப் பிள்ளையோட மனவேகத்துல ஒரு பாடம் கேப்பீங்க, அவ்வளவுதான்," என்றார் பயிற்சியாளர் ஞானதுரை. "பாதியில எந்திரிக்கக் கூடாது டீச்சர்."

இருக்கை அவளைச் சூழ்ந்தது. பொறி 'முக்கோணம்' என்று தொடங்கியது. 'மு' வந்து, அடுத்த எழுத்து வருவதற்குள் ஜெசிந்தாவுக்கு முழு வாக்கியமும் புரிந்துவிட்டது. அதன் பிறகு காத்திருப்புதான். தாங்கமுடியாமல் மனம் ஜன்னல் கம்பிகளின் கோணங்களை அளந்தது, நிழல்களைக் கூட்டியது. எதிரே அவளுடைய கவனக்கோடு மெல்லச் சிவந்தது. எழுந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

"தினமும் இப்படியா உக்காந்திருக்கா?" என்றாள். ஞானதுரை தலையசைத்தார்.

மறுநாள் அவர் கடைசி வரிசையில் வந்து அமர, ஜெசிந்தா பொறியின் பேச்சை நிறுத்தினாள். சுவரில் கோடுகள் மட்டும் ஓடின.

"ஒரே மாதிரி ஐந்து மூலை ஓடுகளை மட்டும் வச்சு, இடைவெளி இல்லாம தரையை நிரப்ப முடியுமா?"

முடியாது என்பதே பொறியின் விடை. அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். வகுப்பு யோசித்தது. ஷமீமா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"ஓடு எப்படியும் இருக்கலாமா டீச்சர்?"

"இருக்கலாம். வந்து வரைஞ்சு காட்டு."

அவள் பலகையில் ஒரு சதுரம் வரைந்து, அதன் மேல் முக்கோணக் கூரை வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. இரண்டு கூரைகளுக்கும் நடுவே அதே வீட்டைத் தலைகீழாக இறக்கினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"அஞ்சு பக்கமும் சமமா இருந்தாலும் வரும் டீச்சர். கோணம்தான் ஒண்ணுபோல இருக்கக் கூடாது."

ஜெசிந்தா பலகையையே பார்த்தாள். "இது எனக்குத் தெரியாது ஷமீமா. நீ சொல்லித்தான் தெரியுது."

சுவரில் ஷமீமாவின் கோடு பச்சையாக உச்சிக்கு ஏறி நின்றது. வகுப்பு கைதட்டியது.

"சிபாரிசை ரத்து பண்ணிடுதேன்," என்று எழுந்தார் ஞானதுரை.

"இவளுக்கு மட்டும் போதுமா சார்? நிதான வகுப்புல இருக்கிற பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரு டீச்சர் அந்த இருக்கையில உக்காரட்டும்."

அந்த ஆண்டே அது விதியாயிற்று. ஆசிரியர்கள் தயக்கத்தோடு உள்ளே போனார்கள். வெளியே வந்ததும் அந்தப் பிள்ளைகளின் பெயரைத்தான் முதலில் கேட்டார்கள். மெதுவாகக் கற்பவர்களுக்கு அவர்களுக்கேற்ற நேரம் கிடைத்தது. சட்டெனப் புரிந்துகொண்டு, காத்திருந்தே களைத்தவர்கள் ஒவ்வொருவராகப் பழைய வகுப்புக்குத் திரும்பி வந்தார்கள்.

ஒரு காலை, அவர்களில் நால்வர் ஷமீமாவோடு தரையில் குந்தி, ஏழு மூலை ஓடுகளைப் பற்றிச் சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"பாடத்தைத் தொடங்கலாமா?" என்று கேட்டது பொறி.

"பொறு," என்றாள் ஜெசிந்தா, தானும் தரையில் அமர்ந்துகொண்டு. "பிள்ளைங்க பேசிட்டு இருக்காங்க."