மூச்சு அட்டையில் ஒரு கார்

புது அம்பத்தூர், பதினேழாம் கவிகை. மூச்சளவு நாளன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்:

மாசிலாமணி, குடும்பத் தலைவர், குழாய்த் துறை எழுத்தர், முழுப் பங்கு.
வசுமதி, மனைவி, பாசித் தொட்டித் தொழிலாளி, முழுப் பங்கு.
பொன்னுரங்கம், தந்தை, அரைப் பங்கு.
நிறைமதி, மகள், வளரும் வயதுப் பங்கு.
இளவரசு, மகன், நான்கு கதவுகள், டர்போ எஞ்சின், கருநீலம்.
அளக்க வந்த மூச்சளவர் மரகதம். காரின் சார்பாக வந்திருந்த மெக்கானிக் ஜெபராஜ்.

மகன் என்ற இடத்தில் கார் இருப்பது எழுத்துப் பிழையல்ல. செவ்வாய்க் கிரகத்தில் அது சட்டம்.

அங்கே வெளியில் இருக்கும் காற்று மூச்சுக்கு ஆகாது. ஊர்மேல் கூடாரம்போல் கவிந்த கண்ணாடிக் கவிகைகளுக்குள் பாசித் தொட்டிகள் ஊறித் தரும் உயிர்வளியைத்தான் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பூமியில் அரிசிக்கும் சர்க்கரைக்கும் இருந்த அட்டை இங்கே மூச்சுக்கு வந்தது. வந்த சில நாட்களிலேயே செத்துப்போன மாமாக்களும் பிறக்காத பிள்ளைகளும் அதில் ஏறிவிட்டார்கள். கப்பலில் எடை பார்த்து ஏற்றியபோது யாரும் நிறுத்துப் பார்க்காத பழக்கம் அது. அரசு வீடு வீடாக ஆள் அனுப்பி, பெயர் உள்ளவர்களை எல்லாம் ஒரு குழாயில் ஊதச் சொன்னது. ஊதாத பெயர்களை அடித்தது. அப்போதுதான் கார் வைத்திருந்தவர்களுக்கு மூளை வேலை செய்தது. கார் ஊதும்.

டர்போ நண்பர்கள் மன்றம் வழக்குப் போட்டது. எஞ்சின் உயிர்வளியை உள்ளே இழுக்கிறது, கரிவளியை வெளியே விடுகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, காற்றை அடைத்தால் சாகிறது, இதற்கும் மனிதனுக்கும் என்ன வேறுபாடு என்று மன்றத்தின் வழக்கறிஞர் கேட்டார். நீதிபதியிடமும் ஒரு கார் இருந்தது. தீர்ப்பு விரைவில் வந்தது.

கார் எதற்கு என்று கேட்பவர்கள் புது அம்பத்தூருக்குப் புதியவர்கள். அங்கே ஆளேற்றிப் போகும் மின்பெட்டி இலவசம். கூப்பிட்டால் வாசலில் வந்து நிற்கும். சாலை என்பது கவிகையின் ஓரத்தில் ஓடும் ஒரு வட்டம். வேக வரம்பு முப்பது. மாசிலாமணி தினமும் அலுவலகத்துக்குக் காரில்தான் போவான். அவன் கிளம்பிய பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்து வந்தவர்கள், அவனுக்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை அவன் பரிதாபமாகப் பார்ப்பான்.

டர்போவின் வேலை எளியது. எஞ்சின் கக்கும் சூடான புகையே ஒரு விசிறியைச் சுழற்றும். அந்த விசிறி சுற்றியுள்ள காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். அதாவது, மூச்சை அளந்து விடுகிற ஊரில், ஒரு பொருளுக்கு மட்டும் காற்றைப் பிடித்து ஊட்டுகிற ஏற்பாடு. மிதியிலிருந்து காலை எடுத்தால், திணித்தது போக மிச்சமுள்ள காற்று ஒரு வால்வு வழியாகச் சீறிக்கொண்டு வெளியேறும். புது அம்பத்தூரில் அந்தச் சீறலுக்கு இருந்த மரியாதை எந்தப் பட்டத்துக்கும் இல்லை. ஒரு ஆள் தன் வீட்டு மூச்சைத் தெருவில் கொட்டுகிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்க வேண்டும்! சத்தம் கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மாசிலாமணி மன்றத்தின் செயலாளர். முதலில் அகலமான புகைக்குழாய் போட்டான். அடுத்து, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் பெட்டியைப் பெரிதாக்கி, எஞ்சினின் கணினியை மறுபடி எழுத வைத்தான். அதற்குக் காற்று போதாதபோது, சென்ற மூச்சளவில் தந்தையின் பங்கில் பாதியை இளவரசுக்கு மாற்றினான். வயதானவர், அசையாமல் உட்கார்ந்திருந்தால் பாதி போதும் என்று மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து பொன்னுரங்கம் ஜன்னலோர நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியம் பேசினால், அடுத்த வாக்கியத்துக்குச் சற்று ஓய்வெடுப்பார். மகனைத் திட்டுவதற்காகவே வாக்கியங்களைச் சேமித்து வைத்திருந்தார்.

இந்த முறை பெரிய டர்போ. அனுமதி கிடைத்த பிறகு மாட்டுவது மன்றத்தில் வழக்கமில்லை. ஜெபராஜ் முன்பே மாட்டி முடித்து, ஓட்டியும் பார்த்துவிட்டான். மூச்சளவர் மரகதம் ஒவ்வொருவர் வாயிலும் குழாயை வைத்து அளந்தாள். கடைசியாக இளவரசின் வால்குழாயில் செருகினாள். எஞ்சின் உறுமியது. மானியின் முள் சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றது. மாசிலாமணியின் முகத்தில் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கியதுபோல் ஒரு பூரிப்பு.

வீட்டின் மொத்தப் பங்கு ஏறக் கூடாது. ஒருவர் கூடுதலாக இழுத்தால் இன்னொருவர் அடங்கலுக்குப் போக வேண்டும். அடங்கல் கூடத்தில் உடம்பைக் குளிரவைத்து, இதயத்தை மந்தமாக்கி, அடுத்த மூச்சளவு வரை, அதாவது ஒரு செவ்வாய் ஆண்டு, படுக்கவைத்துவிடுவார்கள். திடமானவர்கள் எழுந்து வருவார்கள். வயதானவர்கள் பெரும்பாலும் எழுவதில்லை. இது எல்லோருக்கும் தெரியும், சொல்லிக்கொள்வதில்லை.

மாசிலாமணி தந்தையை முன்பே தயார் செய்திருந்தான். நல்ல ஓய்வு என்றான். இனிய கனவுகள் வருமாம் என்றான். பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தான். பொன்னுரங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார்.

"அது என்னைக்காவது முப்பதுக்கு மேல போயிருக்காடா?"

"போகும்பா. ரோடு இருந்தா போகும்."

மரகதம் கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். பெரியவரிடம் மிச்சமிருக்கும் அரைப் பங்கு போதாது என்றாள். இவரைப்போல இன்னொருவர் இருந்தால் பார்க்கலாம். வசுமதியைத் தொட முடியாது. பாசித் தொட்டியில் காற்று உண்டாக்குகிறவர்களை அடங்கலுக்கு அனுப்பச் சட்டம் இடம் தராது. மற்றபடி யார் என்பதைக் குடும்பமே முடிவு செய்துகொள்ளலாம், தான் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும்.

இளவரசு வாசலில் சீராக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மாசிலாமணியின் கண் மெல்ல நகர்ந்தது. நாற்காலியைத் தாண்டியது. ஜெபராஜைத் தாண்டியது. வளரும் வயதுப் பங்கு, முழுப் பங்கைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அவன் பார்வை நிறைமதியின்மேல் போய் நின்றது. கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. கடையில் உதிரிப் பாகத்தின் அளவு சரியாக இருக்குமா என்று பார்க்கிறவனின் பார்வை.

"அந்தப் பக்கம் பாக்காதீங்க" என்றாள் வசுமதி. குரலை உயர்த்தவில்லை. "காரைப் பழையபடி மாத்துங்க. இல்லைன்னா நீங்க போங்க."

அவன் சிரிக்க முயன்றான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. நிறைமதி தாத்தாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஜெபராஜ் தொண்டையைச் செருமினான். தொழிலில் அவனும் நேர்மையானவன்தான், யாராவது கேட்டால்.

"பழைய டர்போ நம்ம கடையிலதான் கெடக்குது அண்ணே. இப்ப உக்காந்தா மத்தியானத்துக்குள்ள மாட்டிரலாம்."

"சத்தம்?"

"சத்தம் பழையபடிதான் வரும்."

சிக்கல் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். ஒரு ஸ்பேனர், ஓர் அரை நாள். ஆனால் மாசிலாமணி வாசலைப் பார்த்தான். நாளை வட்டச் சாலையில் மிதியிலிருந்து காலை எடுக்கும்போது, பெரிய சீறலை எதிர்பார்த்து நிற்கும் தெரு பழைய சின்னச் சீறலைக் கேட்கும். என்ன செயலாளரே, இறக்கிட்டீங்களா என்று மன்றத்தில் எவனாவது கேட்பான். துணைச் செயலாளர் சென்ற வாரமே பெரியது மாட்டிவிட்டான். அவன் மாமியாரை அடங்கலுக்கு வழியனுப்பியபோது மன்றமே மாலையோடு போயிருந்தது.

பிறகு அவனுக்கு இன்னொன்றும் தோன்றியது. ஓர் ஆண்டு தான் ஓட்டாமல் இருந்தால் வண்டியில் கிலோமீட்டர் ஏறாது. புத்தம் புதிதாகவே இருக்கும். இது தோன்றியவுடன் மனம் லேசாகிவிட்டது. மரகதம் நீட்டிய பலகையில் கட்டைவிரலை வைத்தான். தந்தைக்குக் கட்டிய பெட்டியிலிருந்து அவருடைய துணிகளை எடுத்துவிட்டுத் தன்னுடையவற்றை வைத்தான். பொன்னுரங்கம் இதற்காக ஒரு வாக்கியத்தையும் செலவழிக்கவில்லை.

பயன்படுத்தாத பங்கை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே கார் தினமும் ஊத வேண்டும். யார் ஊதவைப்பது என்ற கேள்விக்கு அவனே பதிலும் வைத்திருந்தான். பாசித் தொட்டிக்குக் கிளம்பும் முன் வசுமதி, பள்ளி விட்டு வந்ததும் நிறைமதி.

அடங்கல் கூடத்துக்கும் அவன் காரில்தான் போனான். மனைவியும் மகளும் கூட ஏறவில்லை, நடந்து போனார்கள். வட்டச் சாலையில் வண்டிகள் வரிசையாக நின்றன. அவன் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் படியில் காத்திருந்தார்கள். வாசலில் ஒருமுறை முறுக்கிக் காலை எடுத்தான். சீறல் கவிகைக் கண்ணாடி வரை போய் எதிரொலித்தது. காவலாளி எழுந்து நின்றுவிட்டான். ஓர் ஆள் ஒரு நாள் முழுக்க உயிரோடு இருக்கத் தேவையானது அந்தச் சத்தத்தில் போயிற்று.

உள்ளே குளிர் அறைக்கு முன்னால் வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர் அவனுடைய செருப்பையும் கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டார். படுப்பதற்கு முன் சிலர் அழுவார்கள், சிலர் கடவுளைக் கூப்பிடுவார்கள், சிலர் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அதற்கென்று கொஞ்ச நேரம் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த நேரம் மாசிலாமணிக்கும் கிடைத்தது. அவன் சாவியை நிறைமதியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மூடினான். அவன் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன.

"எடுத்தவொடனே முறுக்கிராத பாப்பா. சூடேறட்டும். பாவம், அதுக்கு மூச்சு முட்டும்."

"சரிப்பா" என்றாள் அவள்.

"தாத்தாவை உள்ள ஏத்தாத. சீட்டு அழுக்காயிரும்."

அவன் தலையைக் குனிந்து குளிர் அறைக்குள் நுழைந்தான். படுக்கை எது என்று வெள்ளை உடுப்புக்காரரிடம் கேட்டான். வாசலில் வண்டியை நிழலில்தான் விட்டேனா என்றும் கேட்டான். அவர் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டினார்.