தட்டல் நின்ற மதகு

“அவ பேரைச் சொல்லுங்கப்பா.”

அந்த வீட்டில் கேட்கவே கூடாது என்று உர்சூலுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவைத்த ஒரே விஷயம் அதுதான். கேட்டுவிட்டாள். அவள் அப்பா தியோதீம் நிமிரவில்லை. துருவிய உருளைக்கிழங்கைத் துணியில் கொட்டி, முறுக்கிப் பிழிந்தார். சாம்பல் நிறத்தில் தண்ணீர் வடிந்தது.

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா, பொடிசு? பன்னிக்கறியை நறுக்கு.”

“ரெண்டு வருஷமா அலையறேன். பழைய கோயில் பதிவேடெல்லாம் எரிஞ்சு போச்சாம். பெரியப்பாவுக்கு அன்னைக்கு மட்டும் காது கேக்கல. பாதிரியாருக்குப் பல்லு வலி. ஒரு பேரு! அதுக்கு இத்தனை நாடகமா?”

“உன்னைப் படிக்க அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“ஆமா. இந்தக் குடும்பத்துலயே மொதல்ல படிச்சவ நான்தான். அதனாலதான் கேக்கறேன்.”

மெம்ராம்குக் பள்ளத்தாக்கில் யாரையும் ‘நீ யார்’ என்று கேட்க மாட்டார்கள், ‘நீ யாருடையவள்’ என்றுதான் கேட்பார்கள். தியோதீமின் உர்சூல், பிலியாஸின் தியோதீம், மாக்சீமின் பிலியாஸ் என்று மூச்சு விடாமல் ஏறிப்போய், இருநூறு வருஷத்துக்கும் முன்னால் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கே குடியிருந்த பிரெஞ்சு வம்சத்து அக்காடியர்களைக் கப்பல் கப்பலாகத் திணித்து நாடு கடத்திய காலத்து ஜெர்மேனில் வந்து நிற்பாள் அவள். தெற்கே வெகுதூரத்திலிருந்த கரோலினாவில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டு, வருஷக்கணக்கில் நடந்தே ஊர் திரும்பியவர் அவர். திரும்பும்போது ஒரு மகன் இருந்தான். போவதற்கு முன்னால் ஒரு மகளும் இருந்தாள். சாகக் கிடந்த அத்தை வாய் தவறிச் சொன்னது அவ்வளவுதான். அந்தப் பெண்ணை மட்டும் குடும்பமே விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கறியை வெட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சத்தம் இல்லை.

வீட்டுக்குப் பின்னால், சதுப்பு நிலத்துக்கும் கடல் ஏறும் ஆற்றுக்கும் நடுவில் அவர்கள் கரை. கரைக்கு அடியில் மரத்தைக் குடைந்து புதைத்த மதகு. அதன் வாயில் தொங்கும் பலகை, கடல் வற்றும்போது வயல் நீரை வெளியே விட்டு, கடல் ஏறும்போது அந்தப் பாரத்தாலேயே அழுந்தி மூடிக்கொள்ளும். மூடினால் ஊமை. எல்லா மதகும் அப்படித்தான். இவர்கள் மதகு மட்டும் கடல் நிறைந்திருக்கும் நேரத்தில் தட்டும். உள்ளிருந்து. அது தட்டத் தொடங்கியதும் அப்பா ரேடியோவைச் சத்தமாக வைப்பார், சேற்று வாடையும் வேகும் கிழங்கின் வாடையும் கலந்த அந்தச் சமையலறையில் பாட்டுக்கு அடியில் அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டேதான் அவள் வளர்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். சாயங்காலக் கடல் கரையின் விளிம்பு வரைக்கும் ஏறி நின்றது. தட்டல் இல்லை. ரேடியோவும் இல்லை.

“உன்னைக் கார்ல கொண்டுவந்து விட்டாளே, அந்தப் பொண்ணு,” என்றார் தியோதீம். “போகும்போது ஏதாவது சொன்னாளா?”

“தனீஸா? நான் அவ கார்ல கையுறையை விட்டுட்டேன்னு என்னைக் கூப்பிட்டா.”

“எங்கேர்ந்து?”

“கரை மேலேர்ந்து.”

“எப்படிக் கூப்பிட்டா?”

“வேற எப்படி? பேரைச் சொல்லித்தான். உங்களை மாதிரி நாயைக் கூப்பிடற மாதிரி விசிலா அடிப்பா?”

அவர் கையிலிருந்த துணி நழுவியது.

கரையில் அவர்கள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விசில்தான். அவளுக்கு வீட்டுக்குள்ளும் பொடிசு. ஞானஸ்நானப் பேர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும். அப்பாவின் முரட்டுத்தனம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

“சிப்பாய்ங்க வந்தப்போ கடல் வத்தியிருந்துச்சு,” என்றார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. “முன்பல்லு விழுந்த வயசு அவளுக்கு. ஜெர்மேன் அவளை மதகுக்குள்ள விட்டார். ‘நான் பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வெளிய வரணும்’னார். அவரைப் புடிச்சு அப்படியே கப்பல்ல ஏத்திட்டாங்க. அப்புறம் கடல் ஏறிடுச்சு.”

“திரும்பி வந்தாரே.”

“வந்தார். தட்டற சத்தம் கேட்டுச்சு.”

“கூப்பிடலையா?”

“கூப்பிட்டா வந்துடுவா, பொடிசு. வந்து, ‘ஏம்ப்பா இவ்வளவு நேரம்’னு கேப்பா. அதுக்கு எவன் பதில் சொல்றது?”

உர்சூலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயமா, ஆத்திரமா, அவளுக்கே புரியவில்லை. “அந்தக் கேள்விக்குப் பயந்து… அத்தனை ஆம்பளைங்களும்? ரேடியோவைப் போட்டுக்கிட்டு? அவ பேரென்ன?”

“உங்கம்மா வெளியூர்க்காரி. அவளுக்கு இதெல்லாம் தெரியாது, தனக்குப் புடிச்ச பேரை உனக்கு வெச்சுட்டா. நான் கரை வேலை முடிஞ்சு கோயிலுக்குப் போறதுக்குள்ள பாதிரியார் தண்ணி ஊத்தி முடிச்சிட்டார்.” முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “உன் பேருதான்.”

கதவு தட்டப்பட்டது.

தாழ்வாக. இடுப்பு உயரத்தில்.

அதே தட்டல். அவளுக்கு மனப்பாடமான தட்டல்.

தியோதீமின் கை ரேடியோவைத் தேடிப் போனது. உர்சூல் அதன் வயரைப் பிடுங்கினாள்.

“திறக்காதே. கடல் வத்தட்டும். வத்தினா போயிடுவா.”

“இவ்வளவு நாளும் இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தீங்க.”

கோட்டை மாட்டிக்கொண்டாள். திறந்தாள்.

யாரும் இல்லை. பனிமூட்டம். கரையிலிருந்து படி வரைக்கும் செம்பழுப்புச் சேற்றில் சின்னச் சின்னப் பாதங்கள். வெறும் பாதங்கள். நிலைவாசலில் வந்து நின்றிருந்தன. ஈரம் இன்னும் பளபளத்தது. உப்பு வாடை. ஊறிப்போன மரத்தின் வாடை.

“பொடிசு, வேண்டாம்மா,” என்றார் அப்பா. அவர் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை.

உர்சூல் ஒதுங்கி வழிவிட்டாள்.

“ஜெர்மேனின் உர்சூல்,” என்றாள், கரையில் நின்று கூப்பிடுகிற மாதிரி உரக்க. “வா. உள்ளே இருக்கிறவர்கிட்ட கேளு.”

அவள் காலணிக்குப் பக்கத்தில், துடைத்து வைத்த தரையில், ஒரு பாதம் பதிந்தது.

இன்னொன்று.

அவள் படியிறங்கினாள். கதவைச் சாத்தவில்லை. அது மதகுப் பலகை மாதிரி தானே சாத்திக்கொண்டது, வெளியிலிருந்து எதுவோ தன் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தியது போல, மெதுவாக, இறுக்கமாக. சாலையைப் பார்த்து நடந்தாள். பின்னால், வீட்டுக்குள்ளிருந்து தட்டல். இந்த முறை உயரத்தில். பெரிய கை.

பிறகு விசில். அவளைக் கூப்பிடும் விசில். தண்ணீர் புகுந்த விசில்.

கதவிடுக்கு வழியாகக் கசிந்து, படியிறங்கி, பழுப்புத் தண்ணீர் அவளை முந்திக்கொண்டு ஓடியது. அவள் நிற்கவில்லை.